தாத்தாவோட சண்டைய மேசை மேல வைக்கணும்னா மொதல்ல டேங்க் வாங்காதீங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: உங்க தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (ரோடு, பாலம், கண்ணிவெடி வேலை பாக்கற என்ஜினியர் பட்டாளம்) இருந்தவரு, பர்மா சண்டைக்குப் போனவருன்னு வீட்ல சொல்லுவாங்க, ட்ரங்க் பெட்டியில ரெண்டு நட்சத்திர மெடலும் ஒரு க்ரூப் போட்டோவும் கெடச்சிருக்கு, அதைப் பாத்ததுலேருந்து அவரோட பட்டாளத்த மினியேச்சரா பண்ணி, மேசை மேல பொம்மைய நகர்த்தி டைஸ் போட்டு ஆடற வார்கேம் ஆடணும்னு ஆசை, எந்த ஸ்கேல், எந்த பெயின்ட், எந்த ரூல்ஸ், ஒரு கூர்க்கா செட்டும் எதிரிக்கு ஒரு டைகர் டேங்க்கும் கார்ட்ல போட்டு வச்சிருக்கேன், ஆர்டர் பண்ணலாமான்னு.

பண்ணாதீங்க. இப்பத்திக்கு எதையுமே ஆர்டர் பண்ணாதீங்க. நான் இதுல பதினாலு வருஷமா இருக்கேன், எங்கம்மாவோட அப்பாவும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான், வேலூர் பக்கம். மொத ரெண்டு வருஷம் நானும் பெட்டி பெட்டியா வாங்கிக் குவிச்சேன், அதுல ஒண்ணுகூட தாத்தாவோட சண்டை இல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

உங்க கேள்வியில எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது ரிப்பன் கலர். ஒண்ணு நடுவுல பச்சை, ரெண்டு பக்கமும் வெள்ளை, ஓரத்துல சிவப்புன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணு மணல் கலர்ல நடுவுல சிவப்புப் பட்டை, பக்கத்துல மெல்லிசா நீலக் கோடுங்க. தம்பி, அந்தப் பச்சை வெள்ளை சிவப்பு இத்தாலி ஸ்டார். மணல் கலர் ஆப்பிரிக்கா ஸ்டார். பர்மா ஸ்டார்னா கருநீல ரிப்பன் நடுவுல சிவப்பு, நீலத்துக்குள்ள ஆரஞ்சுக் கோடு வரும். உங்க தாத்தா பர்மாவுக்கே போகாம இருந்திருக்கலாம். மெடல் மேலயே எந்த ஸ்டார்னு வட்டமா பேரு எழுதியிருக்கும், கறுத்துப் போயிருந்தா செல்போன் டார்ச்ச பக்கவாட்டுல சாச்சுப் பிடிச்சுப் பாருங்க, எழுத்து நிழல் விட்டு எழுந்து வரும். புளி போட்டு தேய்க்கறது, பாலிஷ் போடறது எதுவும் வேண்டாம், அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

வீட்ல பர்மான்னு சொன்னதுல தப்பே இல்ல. எங்க வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. 1942ல பர்மாவுலேருந்து நடந்தே வந்து சேந்தவங்க கதை ஊருக்கு ஊரு இருந்துச்சு, அந்தத் தலைமுறைக்கு சண்டைன்னாலே பர்மாதான், யாரு எந்தக் கடல தாண்டிப் போயிட்டு வந்தாலும் "பர்மா சண்டைக்குப் போனவரு"தான். எங்க தாத்தா போனது எரித்ரியா, லிபியாப் பாலைவனம், அப்புறம் இத்தாலி. இது எனக்குத் தெரிய வந்தப்ப அவரு செத்து ஆறு வருஷம் ஆயிடுச்சு.

தேதியும் உதவும். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10லேருந்து 1943 மே 12 வரைக்கும் உள்ள காலத்துக்கு, இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11லேருந்து 1945 மே 8 வரைக்கும். இத்தாலியில சண்டை போட்ட இந்திய டிவிஷன், அதாவது பெரிய படைப்பிரிவு, மூணுதான், 4, 8, 10. ரெண்டு ஸ்டாரும் ஒரே ஆள்கிட்ட இருந்தா 4-வது டிவிஷனாவோ 10-வதாவோ இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா எந்த டிவிஷன்லயும் சேராம மேலிடத்துக்குக் கீழ நேரா வேலை செஞ்ச சாப்பர் கம்பெனிகளும் நெறைய இருந்துச்சு, அதனால இதோட முடிவு கட்டிடாதீங்க. கம்பெனி நம்பர்தான் சாவி. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புக், பழைய மணியார்டர் கூப்பன், போஸ்ட்கார்டு, எதுல வேணா இருக்கும். போட்டோவ ஃப்ரேம்லேருந்து மெதுவா எடுத்து பின்பக்கம் பாருங்க, பென்சில்ல கிறுக்கியிருப்பாங்க. அவரோட சர்வீஸ் நம்பர் கெடச்சா பெங்களூர்ல அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல இருக்கற மெட்ராஸ் என்ஜினியர் க்ரூப் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்க, வாரிசுன்னு அத்தாட்சி வச்சு எழுதுங்க. தோள்ல இருக்கற டிவிஷன் அடையாளமும் பாருங்க, கறுப்புக் கட்டத்துல செங்கழுகு பறந்தா 4-வது டிவிஷன். எங்க தாத்தாவோட க்ரூப் போட்டோவுல எனக்குக் கெடச்சது அதுதான், லென்ஸ் வச்சுப் பாத்தேன், தாத்தா தோள்ல இல்ல, அவரு பக்கத்துல நிக்கறவரு தோள்ல.

கம்பெனி நம்பர் கெடச்சிட்டா அடுத்தது வார் டைரி. ஒவ்வொரு யூனிட்டும் மாசா மாசம் எழுதி அனுப்பினது, எந்த நாள் எங்க கேம்ப், என்ன வேலை, எத்தன பேருக்கு அடின்னு ரெண்டு ரெண்டு வரியா இருக்கும். லண்டன்ல கியூவுல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இத்தாலி டைரிங்க டபிள்யூஓ 170ங்கற வரிசையில, ஆப்பிரிக்கா பக்கம் டபிள்யூஓ 169ல, பர்மா பக்கம் 172ல இருக்கு. காசு கட்டினா நகல் எடுத்துத் தருவாங்க. நான் எங்க தாத்தாவோட 12-வது ஃபீல்டு கம்பெனி டைரியில வெறும் நாலு மாசத்துக்குத்தான் வாங்கினேன், மூணு பொம்மைப் பெட்டிக்கு ஆகற காசு. அத படிச்ச பின்னாடி என் மேசையில இருந்த பாதி சாமான் பொருத்தமில்லாமப் போயிடுச்சு. ஏன்னா அந்த நாலு மாசத்துல தாத்தாவோட கம்பெனி பெரும்பாலும் செஞ்சது என்னன்னா ரோடு போட்டாங்க. கோவேறு கழுதை போற பாதைய ஜீப் போற பாதையாக்கினாங்க, ஜீப் போற பாதைய டேங்க் போற பாதையாக்கினாங்க, மழை பேஞ்சு அடிச்சிட்டுப் போனா மறுபடி போட்டாங்க. கண்ணிவெடி எடுத்தாங்க. பாலம் கட்டினாங்க.

உங்களுக்கு நான் சொல்ல வர்றதே இதுதான். சாப்பரோட சண்டைன்னா அது வேலை. மேசை மேல அந்த வேலை வரணும். அத விட்டுட்டு எல்லார் மேசையிலயும் இருக்கற மாதிரி டேங்க்குக்கு டேங்க் மோத விட்டீங்கன்னா அழகா இருக்கும், ஆனா அதுல உங்க தாத்தா எங்கயும் இருக்க மாட்டாரு.

இத்தாலியில கசினோ மலைய எடுத்துக்குங்க. 1944 பிப்ரவரி 15 அன்னிக்கு மலை மேல இருந்த மடாலயத்த குண்டு போட்டு தகர்த்தது எல்லாருக்கும் தெரியும், படமெல்லாம் இருக்கு. ஆனா அதே சமயம் மலைக்குப் பின்பக்கம் கைரா கிராமத்துலேருந்து 4-வது டிவிஷன் சாப்பர்களும் நியூசிலாந்து என்ஜினியர்களுமா சேந்து எதிரிக்குத் தெரியாம ஒரு டேங்க் பாதை வெட்டினாங்க, கேவன்டிஷ் ரோடுன்னு பேரு, மார்ச் 19 காலையில அந்த வழியா டேங்க்குங்க மேல ஏறிப் போயி ஜெர்மன்காரன் எதிர்பாக்காத பக்கத்துல தலைய நீட்டுச்சு. கூட காலாட்படை போகாததால அந்தத் தாக்குதல் தோத்துப் போச்சு, ஆனா பாதை தோக்கல. இத ஒரு கேமா பண்ணணும்னா ஹீரோ டேங்க் இல்ல, அந்தப் பாதைதான்.

கண்ணிவெடி வேலைன்னா சுபேதார் சுப்ரமணியன் பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். காஞ்சிபுரம் பக்கத்து கிராமத்துக்காரரு, மெட்ராஸ் சாப்பர்ஸ் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில மின்யானோங்கற இடத்துல கண்ணி எடுத்துட்டு இருக்கும்போது கூட இருந்த ஒருத்தரு கண்ணிய மிதிச்சிட்டாரு, வெடிக்க சில விநாடி, இவரு அந்தக் கண்ணி மேல தன் உடம்பப் போட்டு சுத்தி இருந்தவங்கள காப்பாத்திட்டு செத்துப் போனாரு. ஜார்ஜ் கிராஸ்ங்கற பெரிய பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தாங்க. உங்க மேசையில ஒரே ஒரு பொம்மைதான் வைக்க முடியும்னாகூட கண்ணி தேடற கருவி பிடிச்ச ஒரு சாப்பர வைங்க, பின்னாடி வெள்ளை டேப் இழுத்துட்டு ஒருத்தர் வரட்டும், நடந்த பாதைய அந்த டேப்ப வச்சுத்தான் அடையாளம் காட்டுவாங்க. ஜெர்மன்காரனோட ஷூ மைன் மரப்பெட்டியில செஞ்சது, கருவிக்கு மாட்டாது, முழங்கால் போட்டு பயனெட்ட சாச்சு மண்ணுக்குள்ள குத்திக் குத்தித்தான் பாக்கணும். அப்படி முழங்கால் போட்ட பொம்மை கடையில கெடைக்காது, சுடற பொம்மையோட கைய வெட்டி நாமதான் மாத்தணும்.

சரி, இப்ப பொம்மைக்கு வரேன்.

ஸ்கேல் 1/72 எடுங்க. மனுஷன் சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் உசரம். 28 மில்லிமீட்டர் பொம்மை முகமெல்லாம் நல்லா வரும், ஆனா விலையும் எடமும் அதிகம், பாலம் கட்ட ஆரம்பிச்சா மேசை பத்தாது. 15 மில்லிமீட்டர்ல ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்ங்கற கேம் ஆடற ஆளுங்க நெறைய இருக்காங்க, டேங்க் கூட்டத்துக்கு நல்லது. நமக்கு வேணுங்கறது பத்துப் பன்னெண்டு பேரு என்ன பண்றாங்கன்னு கண்ணுக்குத் தெரியறது, அதுக்கு 1/72 போதும், ஒரு பெட்டியில நாப்பது அம்பது பொம்மை வந்துரும். ஏர்பிக்ஸ், இட்டாலெரி ரெண்டு கம்பெனியுமே 8-வது ஆர்மி (ஆப்பிரிக்காவுலயும் இத்தாலியிலயும் சண்டை போட்ட பிரிட்டிஷ் படை) பொம்மை போட்டிருக்காங்க.

கூர்க்கா செட் வேண்டாம். இந்தியப் பட்டாளம்னு பெட்டியில எழுதி வர்றதெல்லாம் பெரும்பாலும் டர்பன் கட்டின சீக்கியர், இல்ல கூர்க்கா. நம்மாளுங்க அணிவகுப்புக்கு டூப்டான்னு ஒரு தனி மாதிரி தலைப்பாகை கட்டுவாங்க, உங்க க்ரூப் போட்டோவுலகூட அதுதான் இருக்கலாம், ஆனா வேலைக்குப் போறப்ப இரும்புத் தொப்பி, இல்ல கம்பளித் தொப்பி. அதாவது பிரிட்டிஷ் காலாட்படை பொம்மையோட உடுப்பும் தொப்பியும் அப்படியே சரியா வரும், தோல் கலர் மட்டும்தான் மாறணும். பாலைவனத்துக்கு காக்கி டிரில் சட்டை, அரை டவுசர். இத்தாலி குளிருக்கு கம்பளி பேட்டில் டிரஸ், அதுக்கு வல்லேஹோ பெயின்ட்ல இங்கிலீஷ் யூனிஃபார்ம்னே ஒரு கலர் இருக்கு, அப்படியே அடிக்கலாம். பர்மாதான்னு கடைசியில முடிவானா 1944லேருந்து ஜங்கிள் கிரீன், அதுக்கு முன்னாடின்னா காக்கிய பச்சைச் சாயத்துல முக்கினது, அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பச்சை வரலாம்.

தோல் கலர்ல கொஞ்சம் நிக்கணும். நெட்ல இந்தியச் சிப்பாய்க்குன்னு வர்ற பெயின்டிங் கைடு எல்லாம் ஒரு வெளுத்த பழுப்புல முடியும். அதப் பாத்து நான் அடிச்ச மொத பத்து பேரும் யாரோ மாதிரி இருந்தாங்க, எங்க ஊரு ஆளு ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் ஒரு நாள் பால்கனி வெளிச்சத்துல என் முன்னங்கைய மேசை மேல நீட்டி வச்சுக்கிட்டு அதப் பாத்தே கலர் கலந்தேன். கேமல் அக்ரிலிக் டியூப்தான், பர்ன்ட் அம்பர் ரெண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, அதுதான் அடி. நெத்தி, மூக்கு, கன்னத்து எலும்பு, விரல் முட்டி இங்கெல்லாம் அதுலயே துளி யெல்லோ ஓக்கர் சேத்து இன்னொரு கோட். வெள்ளை சேக்கவே கூடாது, சேத்தா தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். உள்ளங்கைய கொஞ்சம் வெளுப்பா விடணும். பத்து பேருக்கும் ஒரே கலவை வேண்டாம், ஒருத்தருக்கு அம்பர் கூட, ஒருத்தருக்கு குறைய, கம்பெனியில தமிழரு, தெலுங்கரு, மலையாளி எல்லாரும் இருந்தாங்க. சாப்பர்ஸ்ல நம்ம ஆளுங்கள "தம்பி"ன்னுதான் கூப்புடுவாங்க, வெள்ளைக்கார ஆபீசர்கூட அப்படித்தான், இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேரு நிக்குது.

சின்னச் சின்ன விஷயம் கொஞ்சம். இந்த ஸ்கேல் பொம்மை வளையற பிளாஸ்டிக், பெயின்ட் உரியும், அதனால மொதல்ல பாத்திரம் விளக்கற லிக்விட்ல கழுவி நல்லா காய வச்சுட்டுத்தான் பிரைமர் அடிக்கணும். மழைக்காலத்துல ஸ்ப்ரே பிரைமரோ வார்னிஷோ அடிக்காதீங்க, காத்து ஈரத்துல வெள்ளையா பூத்துப் போயிடும், பிரஷ்லயே அடிங்க. தெர்மாகோல்ல மலை செஞ்சு அது மேல ஸ்ப்ரே அடிச்சா கரைஞ்சே போயிடும், ஃபெவிகால்ல காகிதம் ஒட்டி மூடிட்டு அக்ரிலிக் அடிங்க. தரைக்கு சலிச்ச ஆத்து மணல், செங்கத்தூள். செடிக்கு தேங்காய் நார். நம்ம வீட்லயே எல்லாம் இருக்கு.

இப்ப பாலம். உங்க தாத்தா இத்தாலியில இருந்திருந்தா பெய்லி பாலம் தொடாம இருந்திருக்க முடியாது, இத்தாலிப் போர்ல மட்டும் 3,000க்கு மேல கட்டியிருக்காங்க. டொனால்ட் பெய்லிங்கற இங்கிலீஷ் என்ஜினியர் யோசிச்சது, கிரேன் கிடையாது, வெல்டிங் கிடையாது, இரும்பு பேனல வரிசையா முள் (தடிச்ச இரும்பு பின்) போட்டு கோத்து உருளை மேல வச்சு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு தள்ளறது, முன்னாடி ஒரு வெறும் மூக்கு இருக்கும், எடை பின்னாடி இருக்கறதால நடுவுல கவுறாது. ஒரு பேனல் 10 அடி நீளம், அஞ்சடி சொச்சம் உசரம், 570 பவுண்டு எடை, கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேரு தூக்கணும். எதிரி பீரங்கி அடிக்கற ராத்திரியில, விளக்கு இல்லாம, சேத்துல, ஆறு பேரு.

1/72ல அந்த 10 அடி 42 மில்லிமீட்டர். அறுபதடி ஆறுன்னா ஆறு பேனல் நீளம், ரெண்டு பக்கத்துக்கும் பன்னெண்டு பேனல், 25 சென்டிமீட்டர் பாலம். நான் மொதல்ல பிளாஸ்டிக் பட்டைய வெட்டி ஒட்டிப் பாத்தேன், ஒரு பேனலுக்கு ஒரு சாயங்காலம் போச்சு. அப்புறம் கல்யாணப் பத்திரிகைக்கு லேசர் கட்டிங் பண்ற கடையில படம் வரைஞ்சு கொடுத்தேன், ஒண்ணரை மில்லிமீட்டர் அட்டையில அரை மணி நேரத்துல முப்பது பேனல் வெட்டிக் கொடுத்துட்டாங்க, உள்ள இருக்கற வைர வடிவக் குறுக்குச் சட்டம்கூட சுத்தமா வந்துச்சு. குறுக்கே போற உத்தரத்துக்கு ஊதுவத்திக் குச்சி, மேல பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சிய நீளவாக்குல பொளந்தது. பேனலுக்குப் பேனல் கோக்கறதுக்கு குண்டூசி.

அந்தக் குண்டூசி விஷயம் சொல்லணும். எங்க தாத்தாவுக்கு இடது கையில ரெண்டு விரல் கோணியிருக்கும், நுனி நசுங்கி நகம் இல்லாம. கேட்டா "பாலத்துல மாட்டிக்கிச்சு"ன்னு சொல்லுவாரு, அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. நாங்கல்லாம் எங்க ஊரு ஓடைப் பாலம்னே நெனச்சிட்டு இருந்தோம், நான் சின்னப் பையனா இருக்கறப்ப அந்தப் பாலத்துல எங்கயாவது ரெண்டு கல்லுக்கு நடுவுல விரல் மாட்டற எடம் இருக்கான்னு தேடிக்கூடப் பாத்திருக்கேன். பேனல் செய்யறப்பதான் புரிஞ்சுது. ஒரு பேனலோட முனைய இன்னொரு பேனலோட முனைக்குள்ள விட்டு ரெண்டு ஓட்டையும் நேருக்கு நேர் வந்தா முள்ள உள்ள அடிக்கலாம், இருட்டுல ஓட்டை நேரா வந்துச்சான்னு பாக்க விரல்தான் விடணும், அந்த நேரம் பேனல் ஒரு அங்குலம் நகர்ந்தா போதும். அந்த அட்டைப் பேனல ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். அவரு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, எங்களுக்குத்தான் எந்தப் பாலம்னு தெரியல.

கேமுக்கு வரேன். ரூல்ஸ் எதுவா இருந்தாலும் பரவால்ல, புதுசுன்னா போல்ட் ஆக்ஷன் எடுங்க, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டைஸ் பையில போட்டு குலுக்கி கண்ண மூடிட்டு எடுக்கணும், எந்தக் கலர் வருதோ அந்தப் பக்கம் ஒரு குழுவ நகர்த்தணும், அதனால யாரு எப்ப அசைவாங்கன்னு தெரியாது, படபடப்பா இருக்கும். பழகின பின்னாடி செயின் ஆஃப் கமாண்ட் பாருங்க, அது சண்டையில ஹவில்தார், ஜமேதார் மாதிரி ஆளுங்களோட குரலுக்கு என்ன மதிப்புங்கறத நல்லா காட்டும். ஆனா ரெண்டுலயும் பாலம் கட்டறதுக்கு நமக்கு வேணுங்கற அளவு விதி கெடையாது, அத நாமளே சேக்கணும். நான் ஆடறது இப்படி.

1944 மே 11 ராத்திரி கசினோவுக்குத் தெக்க காரி ஆறு, 8-வது இந்திய டிவிஷன் ஆத்தக் கடந்து தாக்குச்சு, அவங்களோட என்ஜினியர்கள் ஆக்ஸ்போர்டுன்னு பேரு வச்ச பாலத்த ராத்திரியோட ராத்திரியா கட்டி மறுநாள் காலையில டேங்க்கு போற மாதிரி பண்ணிட்டாங்க. அந்த ராத்திரிய மாதிரியா வச்சு பன்னெண்டு சுத்து. பேனல் தூக்க ஆறு பொம்மை. ஒருத்தர் விழுந்தா பாதி தூரம்தான் நகரும். நாலு பேருக்குக் கீழ போனா பேனல் அங்கயே தரையில, வேற ஆளு வந்துதான் எடுக்கணும். முள் அடிக்க டைஸ்ல மூணோ மேலயோ விழணும். ஜெர்மன் பக்கம் ஒரு மெஷின் கன், ஒரு மார்ட்டர், அக்கரையில நம்ம காலாட்படை கொஞ்சம், அவங்க பாலம் வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். பையில ஒரே ஒரு கறுப்பு டைஸ் போடுவேன், அது கைக்கு வந்தா ஆத்தோரத்துல எங்கயாவது ஒரு குண்டு விழும், யாரு பக்கம்னு கெடையாது. முள்ளுக்கம்பி வேலி வச்சீங்கன்னா அத ஒடைக்க பெங்களூர் டார்பிடோ கொடுங்க, நீளக் குழாய்க்குள்ள வெடிமருந்து, 1912ல மெட்ராஸ் சாப்பர்ஸோட கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூர்ல கண்டுபிடிச்சது, அதனாலதான் அந்தப் பேரு. பன்னெண்டாவது சுத்து முடியறதுக்குள்ள மொத டேங்க் அக்கரை மண்ணத் தொட்டா நாம ஜெயிச்சோம். எதிரிய எத்தன பேர கொன்னோம்ங்கறதுக்கு மார்க்கே இல்ல.

ரெண்டு பக்கமும் சம பலம் இல்லையே, இது என்ன கேம்னு சிலர் கேப்பாங்க. ஆடுபுலி ஆட்டத்துல என்ன சம பலம் இருக்கு, மூணு புலி, பதினஞ்சு ஆடு, புலிக்கு வேலை வேற, ஆட்டுக்கு வேலை வேற, அதனாலதான் திண்ணையில கோடு போட்டு அத்தன நேரம் ஆடினாங்க. ஆடறதுக்கு ஆள் கெடைக்கலன்னா தனியாவே ஆடலாம், ஜெர்மன் மெஷின் கன் யாரச் சுடும்னு டைஸ் போட்டு முடிவு பண்ணுங்க, 1-2 வந்தா பேனல் தூக்கற குழு, 3-4 அக்கரை காலாட்படை, 5 வந்தா டேங்க் நிக்கற பக்கம், 6 வந்தா துப்பாக்கி மாட்டிக்கிச்சு, சுடல. இதே போதும்.

நான் மொத தடவ ஆடினது என் மச்சானோட. அவன் ஜெர்மன். ஒம்பதாவது சுத்துல அஞ்சு பேனல் நீளம் வந்துருச்சு, கடைசிப் பேனல தூக்கிட்டுப் போறப்ப கறுப்பு டைஸ் வந்துச்சு, ஆறு பொம்மையில நாலு சாஞ்சுது. மச்சான் சிரிச்சு பேசிட்டுதான் ஆடிட்டு இருந்தான், அந்த நாலு பொம்மைய எடுக்க கைய நீட்டினவன் எடுக்காம என்னப் பாத்தான், "இதுல தாத்தா யாரு"ன்னு கேட்டான். நான் அதுவரைக்கும் யாருன்னு முடிவே பண்ணல. அதுக்கப்புறம் நாங்க வச்சுக்கிட்ட பழக்கம் என்னன்னா, சாஞ்ச பொம்மைய பெட்டியில போடறதில்ல, மேசையிலயே படுக்க வைப்போம், கேம் முடிஞ்ச பின்னாடிதான் எடுப்போம்.

இன்னொண்ணு. எதிர்ப்பக்கத்த வெறும் குறிபாக்கற அட்டையா ஆக்கிடாதீங்க. உங்க தாத்தா பர்மாவுல இருந்திருந்தா இது இன்னும் கனமான விஷயம், ஏன்னா 1944 இம்பால் சண்டையில நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம் ஜப்பான்காரங்களோட சேந்து வந்துச்சு, அந்த ராணுவத்துல மலாயா ரப்பர் தோட்டத்துலேருந்து சேந்த தமிழருங்க எவ்வளவோ பேரு, ஜான்சி ராணி படையில இருந்த பொண்ணுங்கள்லயும் தோட்டத்து தமிழ்ப் பொண்ணுங்க நெறைய. ரெண்டு பக்கமும் நம்ம மொழி. அந்தக் கேம் ஆடறதா இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் அதே அளவு நேரம் எடுத்து பெயின்ட் பண்ணுங்க. அப்புறம் சயாம் மரண ரயில். அத யாராவது மேசையில வைக்கலாம்னு சொன்னா நான் எழுந்து வந்துருவேன். அங்க கொண்டு போன தமிழ்க் கூலிங்க பல்லாயிரக்கணக்குல செத்தாங்க, அதுல ஆடறதுக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு மாடல் செஞ்சு பக்கத்துல விவரம் எழுதி வைக்கறது வேற, டைஸ் போடறது வேற.

வீட்ல உங்கம்மா என்ன சொல்லுவாங்கன்னு கேட்டிருந்தீங்க. எங்கம்மாவுக்கு ஆரம்பத்துல சுத்தமா பிடிக்கல, "எங்கப்பா பட்ட கஷ்டத்த விளையாட்டு சாமான் ஆக்கறியா"ன்னு கேட்டாங்க, நான் பதில் சொல்லல, எங்கிட்ட பதிலும் இல்ல. பாலம் முடிஞ்ச அந்த வருஷம் நவராத்திரிக்கு கொலு வைக்கறப்ப படிக்குக் கீழ பார்க் கட்டுவோமில்ல, மணல் கொட்டி, கடுகு தெளிச்சு முளைக்க வச்சு, கண்ணாடிய பொதச்சு குளம் பண்ணி, அந்தக் கண்ணாடிக்கு மேல பெய்லி பாலத்த வச்சுக்கட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அவங்களே தூக்கி வச்சாங்க, ஆறு பேரு பேனல் தூக்கற பொம்மைய அவங்களே கரையோரமா மணல்ல ஊனி வச்சாங்க. மூணாம் நாள் வெத்தலை பாக்குக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி இது என்ன ரயில் பாலமான்னு கேட்டாங்க, அம்மா சுண்டல் கொடுத்துக்கிட்டே "எங்கப்பா கட்டினது, இத்தாலியில"ன்னாங்க. எங்க வீட்ல இத்தாலிங்கற பேரு சத்தமா வந்தது அன்னிக்குத்தான்.

அதனால கார்ட்ட காலி பண்ணிட்டு மொதல்ல பாட்டி இருந்தாங்கன்னா அவங்ககிட்ட ஒக்காந்து பேசுங்க, சண்டையப் பத்தி கேக்காதீங்க, தாத்தா கையால என்னென்ன வேலை பண்ணுவாருன்னு கேளுங்க, கயிறு எப்படி முடிச்சுப் போடுவாரு, எத பாத்தா எரிச்சல் படுவாரு, ஒடம்புல எங்க தழும்புன்னு கேளுங்க, பதில அப்படியே எழுதி வச்சுக்குங்க. போட்டோவோட பின்பக்கம், மெடல் எழுத்து, டிஸ்சார்ஜ் பேப்பர் மூணையும் படம் எடுத்து வைங்க. கம்பெனி நம்பர் கெடச்சா எனக்கு எழுதுங்க, 12-வதோ 11-வதோ ஆயிருந்தா எங்கிட்ட இருக்கற டைரிப் பக்கங்கள நானே அனுப்பறேன். அதுக்குள்ள ஒரு பெட்டி 8-வது ஆர்மி பொம்மை மட்டும் வாங்கி தோல் கலர் பழகிட்டு இருங்க. பேனல் தூக்கற அந்த ஆறு பேர்ல உங்க தாத்தா எந்த எடத்துல நிப்பாருங்கறத மட்டும் இப்பவே முடிவு பண்ணாதீங்க, பாட்டி சொல்றத கேட்டுட்டு பண்ணலாம்.